மாலத்தீவு ரிசார்ட்: அறையைப் பார்க்கும் முன் படகைப் பாருங்கள்

மாலத்தீவில் ரிசார்ட் என்றால் ஒரு தீவு முழுக்க ஒரே விடுதி. பக்கத்துத் தெருவில் வேறு சாப்பாட்டுக் கடை இருக்காது, தெருவே இருக்காது. விமான நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ பேசிப் போய்ச் சேர முடியாது. தீவுக்குள் நுழைய ரிசார்ட் அனுப்பும் படகோ, தண்ணீரில் இறங்கும் சீப்ளேன் போன்ற விமானமோதான் வழி, நுழைந்தபின் வயிற்றுக்கு அவர்களுடைய சமையலறைதான் வழி. இந்த இரண்டின் விலையும் முன்பணம் கட்டும் முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: தண்ணீர் மேல் நிற்கும் வில்லாவின் படத்தில் மயங்கி அறையைப் பிடிப்பது, பிறகு மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட்டை எடுப்பது, கடைசியில் "சீப்ளேன் கட்டணம் தனி, உங்கள் விமானம் இறங்கும் நேரத்தில் சீப்ளேன் கிடையாது" என்ற பதிலைப் படித்துத் திகைப்பது.

சரியான வரிசை இதுதான்: முதலில் விமானம் தலைநகர் மாலேயில் இறங்கும் நேரம், அடுத்து அந்த நேரத்துக்கு ஒத்துவரும் போக்குவரத்து, அந்தப் போக்குவரத்து எட்டும் தூரத்தில் உள்ள ரிசார்ட், கடைசியாக அறை.

மூன்று வழிகள்

மாலேயின் வெலானா சர்வதேச விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரிசார்ட்டுக்கு ஸ்பீட் போட், சீப்ளேன், உள்நாட்டு விமானமும் படகும் சேர்ந்தது என்று மூன்று விதமாகப் போகலாம். எது என்பதை ரிசார்ட் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது, நீங்கள் அல்ல. சில ரிசார்ட்டுகளில் மட்டும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஸ்பீட் போட் என்றால் வடமாலே, தென்மாலே பகுதிகள். பத்து நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. போய்வர ஒரு ஆளுக்குச் சுமார் 100 முதல் 250 டாலர். இரவு விமானத்தில் வந்தாலும் பல ரிசார்ட்டுகள் படகு அனுப்பும். நள்ளிரவுக்குமேல் கூடுதல் கட்டணம் உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். லக்கேஜ் எடையைப் பற்றிப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. குறை ஒன்றுதான்: மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் படகு குதிக்கும். முன்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வோர் அலைக்கும் இடுப்பில் அடி விழும். கர்ப்பிணிகள், முதுகுவலிக்காரர்கள், வாந்தி வரும் குழந்தைகள் பின்பக்கம் எஞ்சினுக்கு அருகே உட்கார வேண்டும். வாந்தி மாத்திரையை அலை தொடங்கியபின் போட்டுப் பயனில்லை, புறப்படுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும்.

சீப்ளேன்தான் அதிகத் தொல்லை தருவது, ஆகவே கொஞ்சம் விரிவாக. பா, ரா, லவியானி, நூனு, தென் ஆரி போன்ற தொலைவான பகுதிகளுக்கு இதுதான் வழக்கம். ட்வின் ஆட்டர் என்ற சிறிய விமானம், மிதவைகள் பொருத்தியது, சுமார் பதினைந்து பேர் உட்காரலாம். போய்வர ஒரு ஆளுக்குச் சுமார் 400 முதல் 650 டாலர் வரை. குழந்தைகளுக்குக் குறைவு, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் இலவசம்.

விமானி தண்ணீரைக் கண்ணால் பார்த்து இறக்குவதால் இது பகலில் மட்டுமே பறக்கும். மாலேயிலிருந்து கடைசி சீப்ளேன் மாலை 4 மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். குடிவரவு, பெட்டி, சுங்கம் எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும் என்று வைத்தால், உங்கள் சர்வதேச விமானம் பிற்பகல் 3 மணிக்குள் இறங்கினால் நிம்மதி, 3.30 எல்லைக்கோடு. அதன்பின் இறங்கினால் அன்றிரவு மாலேயிலோ, விமான நிலையத்திலிருந்து சாலையில் போகக்கூடிய ஹுல்ஹுமாலே தீவிலோ தங்கி மறுநாள் காலையில்தான் போக முடியும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் திரும்பாது. திரும்பும்போதும் இதே கணக்கு: தீவிலிருந்து காலையில் முதல் சீப்ளேன் வந்து மாலே சேரும் நேரத்தைப் பார்த்தால், காலை 9 மணிக்கு முன் கிளம்பும் விமானத்தைப் பிடிப்பது நடக்காது. இரவு 11 மணி விமானம் என்றாலும் மாலைக்குள் மாலேயில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்; மீதி நேரத்தை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

சீப்ளேனுக்கு ஊர்ப் பேருந்தின் குணம் உண்டு. நேரடியாக உங்கள் தீவுக்குப் போகும் என்று நினைக்காதீர்கள். வழியில் இரண்டு மூன்று தீவுகளில் ஆளை இறக்கி ஏற்றும். டிக்கெட்டில் நேரம் போட்டிருக்காது. சர்வதேச விமானங்களில் வந்து சேரும் பயணிகளை ஒரே திசைக்காரர்களாகச் சேர்த்து அனுப்புவதால் காத்திருப்பு அரை மணியும் ஆகலாம், மூன்று மணியும் ஆகலாம். திரும்பும் நேரத்தை முந்தைய நாள் மாலையில்தான் சொல்வார்கள். இருக்கை எண் கிடையாது, கழிப்பறை கிடையாது, ஏ.சி. என்று சொல்லத்தக்கது கிடையாது, எஞ்சின் சத்தம் பலமாக இருக்கும். காதடைப்பான் கொடுப்பார்கள், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மேலிருந்து பார்க்கும் காட்சிக்காக இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்க ஜன்னலும் நன்றாகத்தான் இருக்கும். இறக்கைக்குப் பின்னால் உள்ள வரிசையில் மறைப்பு குறைவு.

எடைக் கட்டுப்பாடு கண்டிப்பானது. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ. கூடினால் கிலோவுக்குக் கட்டணம். நீங்கள் வந்த சர்வதேச விமானத்தில் 30 கிலோ அனுமதி இருந்ததா என்பதைப் பற்றி இவர்களுக்குக் கவலை இல்லை. விமானத்தின் மொத்த எடை மிஞ்சினால் உங்கள் பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம். ஆகவே மருந்து, குழந்தையின் பால்மாவு, ஒரு செட் துணி, நீச்சல் உடை இவை கைப்பையில் இருக்கட்டும்.

மூன்றாவது வழி உள்நாட்டு விமானம். தரவந்தூ, மாஃபாரு, ஹனிமாதூ, கூட்டூ, கான் போன்ற சிறு விமான நிலையங்களுக்குப் பறந்து, அங்கிருந்து ரிசார்ட்டின் படகில் போவது. ஓடுபாதையில் இறங்குவதால் இருட்டியபின்னும் பறக்கும். மாலையில் மாலே வந்து சேருகிறவர்கள் தொலைவான தீவுதான் வேண்டும் என்றால் இந்த வழி உள்ள ரிசார்ட்டைத் தேடுவது புத்திசாலித்தனம். விலையும் பெரும்பாலும் சீப்ளேனைவிடக் குறைவு. பா பகுதியில் சில ரிசார்ட்டுகள் பகலில் சீப்ளேன், இரவில் தரவந்தூ வழி என்று இரண்டும் வைத்திருக்கின்றன.

சென்னை, திருச்சி, மதுரையிலிருந்து கொழும்பு வழியாக வருகிறவர்கள் கொழும்பில் மாறும் விமானம் எத்தனை மணிக்கு மாலே சேர்கிறது என்பதை டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள். கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனால் மாலையில் கிளம்பும் விமானத்தைப் பிடித்தால் சீப்ளேன் போய்விட்டிருக்கும். டிக்கெட்டில் மிச்சப்படுத்திய மூவாயிரம் ரூபாய் ஹுல்ஹுமாலேயில் ஒரே இரவில் கரைந்துவிடும்.

பில்லில் கடைசியாக என்ன வரும்

விளம்பரத்தில் இரவுக்கு 600 டாலர் என்று போட்டு, பக்கத்தில் ++ என்ற குறி இருக்கும். முதல் கூட்டல் குறி 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலை 1 முதல் அது 17 சதவீதம். இந்த 17, அறை வாடகைக்கு மட்டுமல்ல, சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்கு. ஆக 600 முதலில் 660 ஆகி, பிறகு 772 டாலர் 20 சென்ட் ஆகிறது. 27 அல்ல, 28.7 சதவீதம். ரிசார்ட்டில் தனியாக வாங்கும் காபிக்கும் மசாஜுக்கும் இதே பெருக்கல்தான்.

அதற்குமேல் பசுமை வரி. 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டுகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இல்லை.

இரண்டு பேர், நான்கு இரவு, சீப்ளேன் ஆளுக்கு 500 டாலர் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அறை 3,088.80. பசுமை வரி 12 × 2 × 4, அதாவது 96. சீப்ளேன் 1,000. மொத்தம் 4,184.80 டாலர். விளம்பரத்தைப் பார்த்து மனசுக்குள் போட்ட கணக்கு 2,400 தான். வரியெல்லாம் சேர்த்து விலை காட்டும் தளங்களும் உண்டு. அங்கேயும் போக்குவரத்துக் கட்டணம் கட்டாயம் என்பது பல சமயம் கீழே சிறிய எழுத்தில்தான் இருக்கும். ஆகவே இரண்டு ரிசார்ட்டுகளை ஒப்பிடும்போது அறை வாடகையை ஒப்பிடாதீர்கள். மேலே போட்டதுபோல மொத்தத்தைப் போட்டு, அதை இரவுகளால் வகுத்து ஒப்பிடுங்கள். மூன்று இரவுக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்குச் சீப்ளேன் தீவு பொருளாதார ரீதியாக வீண். ஸ்பீட் போட் தீவே போதும். ஐந்து இரவுக்குமேல் தங்கினால் அந்தச் செலவு பரவி, கணக்கு நியாயமாகிவிடும்.

நாட்டை விட்டுக் கிளம்பும் வரி ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் முதல் வெளிநாட்டவருக்கு, எகானமி வகுப்பில், புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். இது விமான டிக்கெட் விலைக்குள்ளேயே இருக்கும். கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள். மாலே டிக்கெட் தூரத்துக்குப் பொருந்தாத விலையில் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தியாவில் உள்ள ஏஜென்டிடம் மொத்தப் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். பிடிப்பார்கள். அது கூடுதல் செலவல்ல, முன்கூட்டிக் கட்டும் வருமான வரி. பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளுங்கள்.

ஆல் இன்க்ளூசிவ் யாருக்கு லாபம்

சாப்பாட்டுத் திட்டங்கள் நான்கு வகை. காலை உணவு மட்டும். ஹாஃப் போர்டு, அதாவது காலையும் இரவும். ஃபுல் போர்டு, மூன்று வேளையும். ஆல் இன்க்ளூசிவ், மூன்று வேளையோடு குடிவகைகளும் இடைத்தீனியும். ஹாஃப் போர்டு, ஃபுல் போர்டு என்றால் சாப்பாடு மட்டும்தான். மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடத் தனி பில் போடும் ரிசார்ட்டுகள் உண்டு. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போகிறவர்கள்தான் கடைசி நாள் பில்லைப் பார்த்துச் சண்டை போடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், ஆல் இன்க்ளூசிவ் என்ற பெயருக்கு ஒரே பொருள் கிடையாது. ஒரு ரிசார்ட்டில் மெயின் பஃபே, ஹவுஸ் ஒயின், ஒரு சில பிராண்டு மது, சோடா அவ்வளவுதான். இன்னொன்றில் எல்லா உணவகமும், நாளுக்கொரு முறை நிரப்பும் மினி பாரும், ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீந்தி மீன் பார்ப்பது) பயணமும், மாலைப் படகுச் சுற்றும் அடக்கம். பேருக்குப் பக்கத்தில் பிரீமியம், பிளாட்டினம் என்று போட்டிருந்தால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியவை:

- எந்தெந்த உணவகங்கள் அடக்கம்? தட்டில் பரிமாறும் உணவகங்களில் முழுவதும் இலவசமா, ஒரு தொகை வரை கழிவா?
- அறையில் உள்ள மினி பார் அடக்கமா, ஒரு நாளைக்கு எத்தனை முறை நிரப்புவார்கள்?
- எஸ்பிரஸ்ஸோ, புதிதாகப் பிழிந்த பழச்சாறு, இளநீர் இவை அடக்கமா?
- ஸ்நார்க்கல் கண்ணாடியும் துடுப்பும் இலவச இரவலா, வாடகையா?
- கயாக், நின்று துடுப்புப் போடும் பலகை போன்றவை அடக்கமா? எஞ்சின் உள்ளவை அநேகமாக எங்குமே அடக்கமல்ல.
- இலவசப் பயணங்களுக்குக் குறைந்தபட்சம் எத்தனை இரவு தங்க வேண்டும்?
- வந்த நாளில் எத்தனை மணிக்குத் தொடங்கி, கிளம்பும் நாளில் எத்தனை மணிக்கு முடிகிறது?

கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். அறை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்குத் தருவார்கள், பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். திட்டமும் பல இடங்களில் அந்த 12 மணியோடு நின்றுவிடும். உங்கள் படகு மாலை 5 மணிக்கு என்றால் அன்றைய மதியச் சாப்பாடு உங்கள் செலவு. கொஞ்சம் முன்கூட்டியே மெயிலில் கேட்டால் படகு ஏறும் வரை நீட்டித்துத் தரும் ரிசார்ட்டுகள் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தருவதில்லை.

குடிக்காத குடும்பம் ஆல் இன்க்ளூசிவ் எடுக்கலாமா? பெரும்பாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஹாஃப் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 120 டாலர் வித்தியாசம் என்று வையுங்கள். அதற்கு ஈடாக ஒரு மதிய உணவும் சில பழச்சாறும் ஐஸ்கிரீமும்தான் உங்களுக்குக் கிடைக்கும். வரியோடு சேர்த்தாலும் 70, 80 டாலரைத் தாண்டுவது கடினம். தினம் நான்கைந்து காக்டெயில் குடிக்கிறவருக்கு, ஒன்று 18 டாலர் ++ விற்கும் இடத்தில், அதே 120 எளிதாக ஈடாகிவிடும். ஒரே அறையில் கணவர் மட்டும் ஆல் இன்க்ளூசிவ், மனைவி ஹாஃப் போர்டு என்று பிரிக்கப் பொதுவாக விடமாட்டார்கள். பெரியவர்கள் எல்லாருக்கும், தங்கும் நாள் முழுவதற்கும் ஒரே திட்டம். குழந்தைகளோடு போகிறவர்கள் ஃபுல் போர்டு எடுத்துத் தண்ணீர் இலவசமா என்று மட்டும் உறுதி செய்துகொண்டால் போதும். விதிவிலக்கு ஒன்று: ஸ்நார்க்கலிங் பயணம், டால்பின் பார்க்கும் பயணம் இரண்டும் அடக்கம் என்றால் அவற்றின் தனி விலையைக் கேட்டுக் கணக்கில் சேருங்கள். அப்போது குடிக்காதவருக்கும் லாபமாக முடியலாம்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ரிசார்ட்டுகளில் இந்தியச் சமையல்காரர் இருப்பார், பஃபேயில் பருப்பும் ரொட்டியும் கிடைக்கும், சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் இல்லை. ஆனால் மாலத்தீவின் சமையலுக்கு அடிப்படையே சூரை மீன். நம் ஊரிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று விற்பது அங்கிருந்து வந்த பண்டம்தான். காலையில் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் சேர்ந்து பொரியல் போலத் தெரியும் மஸ் ஹுனியில் இருப்பது மீன். கருதியா என்ற தெளிந்த சூப்பும் மீன் வடித்த நீர். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லாமல் மீன், மீன் சாறு, முட்டை வேண்டாம் என்று முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். வெங்காயம் பூண்டு இல்லாத சமையல் வேண்டுமானால் குறைந்தது ஒரு வாரம் முன்னதாக.

கிளம்பும் முன்

ஏறக்குறைய எல்லா நாட்டவருக்கும் சுற்றுலா விசா இறங்கியதும் இலவசமாக 30 நாளுக்குக் கிடைக்கும்; இந்தியக் கடவுச்சீட்டுக்கு 90 நாள். கையில் இருக்க வேண்டியவை: திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் உறுதிச்சீட்டு, ஒரு மாதமாவது மீதமுள்ள கடவுச்சீட்டு (ஆறு மாதம் இருந்தால் நிம்மதி).

ஐமுகா என்ற பயணி அறிவிப்புப் படிவத்தை விமானம் கிளம்பும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை, குழந்தைகளுக்கும் தனித்தனியாக. முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வருபவை பணம் பிடுங்கும் போலித் தளங்களாக இருக்கலாம். மாலத்தீவு குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். கார்டு எண் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. நிரப்பியதும் வரும் கியூஆர் குறியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், செக் இன் கவுண்டரிலேயே கேட்பார்கள்.

ரிசார்ட்டுக்கு விமான எண், இறங்கும் நேரம், திரும்பும் விமானம், பயணிகள் பெயர், குழந்தைகளின் வயது ஆகியவற்றைக் குறைந்தது மூன்று நாள் முன்னால் மெயிலில் அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள். இதை அனுப்பாதவரின் பெயர் சீப்ளேன் பட்டியலில் இருக்காது. பணம் கட்டிவிட்டோம், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடக் கூடாது. ஏஜென்ட் மூலம் எடுத்தவர்களும் ரிசார்ட்டிடம் நேரடியாக ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

சுங்கத்தில் தடுக்கப்படுபவை: மது, பன்றி இறைச்சிப் பொருட்கள், வழிபாட்டுச் சிலைகள். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சிறு பிள்ளையார் வீட்டுப் பூஜை அறையிலேயே இருக்கட்டும். வழியில் டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை எடுத்துவைத்து ரசீது தருவார்கள். வேப் எனப்படும் மின்சிகரெட்டுக்கு முழுத் தடை. 2007 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் புகையிலை பயன்படுத்துவதே 2025 நவம்பர் முதல் அங்கே குற்றம், சுற்றுலாப் பயணிக்கும் பொருந்தும். தூக்க மாத்திரை, வலுவான வலி மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவர் சீட்டை மறக்க வேண்டாம்.

மின் இணைப்பு 230 வோல்ட், பிரிட்டிஷ் பாணிச் சதுர மூன்று முள். இலங்கையிலிருந்து போகிறவர்களின் புது பிளக்குகள் பொருந்தும்; தமிழ்நாட்டு உருண்டை முள் பொருந்தாது. ஒரு அடாப்டரும் ஒரு மல்டி பிளக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

இறங்கிய பிறகு

குடிவரவில் கடவுச்சீட்டு, பிறகு பெட்டி, பிறகு சுங்க ஸ்கேனர். வெளியே வந்ததும் ரிசார்ட்டுகளின் கவுண்டர்கள் எண் போட்டு வரிசையாக இருக்கும், பெயர்ப் பலகையோடு ஆட்களும் நிற்பார்கள். உங்கள் கவுண்டர் எண்ணை ரிசார்ட் மெயிலில் சொல்லியிருக்கும். அதற்கு முன் உள்ளே சிம் கார்டு வாங்க திராகு, ஊரிடூ இரண்டின் கடைகளும் இருக்கின்றன. ரிசார்ட்டில் வைஃபை இருப்பதால் அவசியம் என்று சொல்ல முடியாது. ஒரு இரவு ஹுல்ஹுமாலேயில் தங்குகிறவருக்குப் பயன்படும்.

ஸ்பீட் போட் என்றால் எதிரிலேயே படகுத்துறை, ஐந்து நிமிட நடை. சீப்ளேன் என்றால் பெட்டியை எடைபோட்டு, சீட்டுக் கொடுத்து, ஓடுபாதையின் மறுபக்கம் உள்ள சீப்ளேன் முனையத்துக்கு வண்டியில் கூட்டிப்போவார்கள். பெரிய ரிசார்ட்டுகளுக்கு அங்கே சொந்த ஓய்வறை, சிற்றுண்டி, வைஃபை உண்டு; மற்றவர்களுக்குப் பொதுக் கூடம். கழிப்பறைக்கு இங்கேயே போய்விடுங்கள்.

சீப்ளேனைத் தவறவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. விமான நிலையத்திலிருந்து ஹுல்ஹுமாலேக்குச் சாலையிலேயே போகலாம், டாக்சியில் கால் மணி நேரத்துக்குள். மாலே நகரத்துக்கு 2018இல் திறந்த பாலம் இருக்கிறது. ஹுல்ஹுமாலேயில் கெஸ்ட் ஹவுஸ்கள் ஏராளம், ரிசார்ட் விலையில் சிறு பங்குதான். மறுநாள் காலை சீப்ளேனுக்குப் பெயரை மாற்றிப் போடும்படி ரிசார்ட்டின் கவுண்டரிலேயே அன்று மாலை சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தீவில்

மாலத்தீவு நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கு அரை மணி பின்னால். இதில் ஒரு பொறி இருக்கிறது: மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று பல ரிசார்ட்டுகள் தங்கள் தீவுக்கு மட்டும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கும். மாலேயில் பகல் 12 என்றால் சென்னையில் 12.30, அந்தத் தீவில் 1. உங்கள் கைபேசி மாலே நேரத்தைத்தான் காட்டும். இரவுச் சாப்பாட்டு நேரம் தீவுக் கடிகாரப்படி, விமான டிக்கெட் மாலே கடிகாரப்படி. திரும்பும் படகு நேரத்தைச் சொல்லும்போது எந்தக் கடிகாரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி. ஹவுஸ் ரீஃப் என்று கரையை ஒட்டிய பவளத்திட்டு இருந்தால் படகுச் செலவில்லாமலே மீன் பார்க்கலாம். அறை பிடிக்கும் முன் அது கரையிலிருந்து நீந்தும் தூரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இறங்கவும் ஏறவும் குறித்த வழியை மட்டும் பயன்படுத்துங்கள், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று டைவிங் மையத்தில் தினமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். பவளத்தின்மேல் நிற்காதீர்கள், கால் கிழியும், பவளமும் சாகும். உடைந்த பவளத் துண்டை நினைவுக்கென்று பையில் போட்டால் விமான நிலையத்தில் பிடிப்பார்கள். நீச்சல் தெரியாதவருக்கு லைஃப் ஜாக்கெட் எங்கும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். வாட்டர் வில்லாவில் குட்டிக் குழந்தைகளை அனுமதிக்காத ரிசார்ட்டுகள் பல. அனுமதித்தாலும் கைப்பிடியில்லாத மரத்தளமும் நேரே கடலுக்கு இறங்கும் ஏணியும் இருக்கும் அறையில் தவழும் குழந்தையோடு நிம்மதியாகத் தூங்க முடியாது. கடற்கரை வில்லாவே நல்லது, விலையும் குறைவு.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். 24 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. கடைசி நாளுக்கு டைவிங் திட்டம் போடாதீர்கள்.

திரும்பும் நாள்

முந்தைய நாள் மாலை ஆறு, ஏழு மணிக்கு அறைக்குச் சீட்டோ செய்தியோ வரும். எட்டு மணிக்கும் வரவில்லை என்றால் வரவேற்பறைக்கு நீங்களே போங்கள். பில்லை அன்றிரவே கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். காலையில் படகு நிற்கும்போது ஐந்து நிமிடத்தில் எதையும் சரிபார்க்க முடியாது. ஆல் இன்க்ளூசிவில் அடங்க வேண்டியது தனியாகப் போடப்பட்டிருக்கிறதா, பசுமை வரி முன்பே கட்டியது மறுபடி வந்திருக்கிறதா என்பதே முக்கியமாகப் பார்க்க வேண்டியது. கார்டு மெஷின் "ரூபாயில் கட்டலாமா" என்று கேட்டால் வேண்டாம், டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதம் அவர்களுடையதாகிவிடும்.

மழையும் காற்றும் பலமாக இருந்தால் சீப்ளேன் தாமதமாகும் அல்லது ரத்தாகும். படகு ஏற்பாடு செய்ய முயல்வார்கள், தூரம் அதிகமென்றால் அதுவும் நடக்காது. ஆகவே மே முதல் அக்டோபர் வரை போகிறவர்கள் மாலேயில் நான்கைந்து மணி நேர இடைவெளி விட்டுத் திரும்பும் விமானம் எடுங்கள், இணைப்புத் தவறினால் பணம் தரும் பயணக் காப்பீட்டையும் எடுங்கள். காப்பீட்டு விதிகளில் வானிலை என்ற சொல் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இரவு விமானத்துக்காகப் பகலிலேயே மாலேயில் விடப்பட்டவர்கள் விமான நிலையப் பெட்டிக் காப்பகத்தில் சுமையை வைத்துவிட்டு ஹுல்ஹுமாலேக் கடற்கரைப் பக்கம் போய் மலிவான சாப்பாடு சாப்பிடலாம். அது மக்கள் வாழும் தீவு: ரிசார்ட்டில் போட்டிருந்த நீச்சல் உடையோடு தெருவில் நடக்க முடியாது, மது கிடையாது, வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். சுங்கத்தில் பாட்டிலை விட்டு வந்தவர்கள் ரசீதைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டு, செக் இன் செய்யும் முன்பே எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். குடிவரவைத் தாண்டியபின் திரும்ப வெளியே விடமாட்டார்கள்.